ஊத்து

வருகைப் பதிவில் இன்னும் எஸ்பினோசா வரைதான் ஆகியிருக்கிறது, தொர்ரெஸ், வர்காஸ் எல்லாம் தாண்டிக் கடைசியில்தான் செபேதா, அதற்குள் தொண்டையைச் சரிசெய்துகொள்ளலாம், செபேதா ஒதிலியா என்றதும் ஒரே மூச்சில் இருக்கேன் சார் என்று சன்னலுக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி... இன்றைக்குத் தலைமையாசிரியை பின்பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார், அவர் முன்னால் எவாரிஸ்தோ சார் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டார், நிஜப் பெயரைத்தான் கூப்பிடுவார், அதற்குச் சத்தமாகப் பதில் சொல்லிவிட்டால் எல்லாருக்கும் நிஜப் பெயர் ஞாபகம் வந்துவிடும், அப்புறம் யாரும் ஊத்து என்று கூப்பிட மாட்டார்கள், மாட்டார்கள்தானே?

அந்தப் பெயர் வந்த அன்றைக்குத் திங்கட்கிழமை, கொடி வணக்கத்துக்குப் போட்ட வெள்ளைப் பாவாடை, வெளியே போகணும் சார் என்று கேட்டுக்கொண்டேதான் இருந்தாள், குரல்தான் வாயைத் தாண்டவில்லை, "எங்கயோ கொசு கத்துதே, யாருக்காவது கேக்குதா?" என்றார் சார், பையன்கள் சிரித்தார்கள், சிரிப்பு அடங்குவதற்குள் பெஞ்சிலிருந்து சொட்டுச் சொட்டாக... "அடடா, பிளாசா சதுக்கத்துல இருக்கிற ஊத்து நம்ம வகுப்புக்கே வந்துடுச்சு." பாவாடையைத் தானே கொல்லைக் குழாயில் அலசினாள், அம்மாவிடம் பெயரை மட்டும் சொன்னாள், ஏன் வந்தது என்று எப்படிச் சொல்வது, அம்மா தோர்த்தியா ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சிரித்தாள், "உங்கப்பாவ ஊரே மொட்டைங்குது, அவரு அழுதாரா? பிரியம் இருந்தாத்தான்டி பட்டப்பேரு வைப்பாங்க. ஊத்துன்னா அழகாத்தானே இருக்கு." அப்பாவுக்கு மொட்டை என்றால் பிரியம்தான், அவர் தொப்பியைத் தூக்கிக் காட்டிச் சிரிப்பார், அவள் எதைத் தூக்கிக் காட்டுவது?

வர்காஸ் ஆயிற்று. அடுத்து அவள்தான், மூச்சை இழுத்து வைத்துக்கொண்டாள், தன் பெயர் வரட்டும், வரட்டும்... யாரோ ஒதிலியாவாம், பதில் சொல்லாமல் இருக்கிறாள், மறுபடி கூப்பிடுகிறார், யார் அந்தப் பெண், ஏன் எல்லாரும் இந்தப் பக்கமே திரும்புகிறார்கள்... சார் பின்பெஞ்சை ஒரு தரம் பார்த்துவிட்டு, தேனாக, "நம்ம ஊத்து வரலையா?" என்றார்.

"இருக்கேன் சார்."

சன்னல் கண்ணாடி அதிர்ந்த மாதிரி இருந்தது, இத்தனை சத்தம் இவ்வளவு நாளாய் எங்கே இருந்தது, வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது, தலைமையாசிரியையும் சிரித்தார், "செல்லப் பேரா சார்? நல்லாத்தான் இருக்கு, பொண்ணும் எவ்வளவு கணீர்னு பதில் சொல்லுது." சார் தலையாட்டினார். அவமானத்தில் காது சுட்டது, உட்கார்ந்தாள், ஒதிலியா என்று உள்ளுக்குள் மெல்லச் சொல்லிப் பார்த்தாள், இன்னொரு தரமும் சொல்லிப் பார்த்தாள், உள்ளே யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.