கால்சியம் கேட்ட ஆன்டிபாடி

அந்த லேப்பில் அவளைச் சந்தேகத்தக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் அல்ல, முகத்துக்கு நேராகவே. உறைபெட்டியின் திரை மைனஸ் எண்பது என்று காட்டினால் அவள் இன்னொரு வெப்பமானியை உள்ளே வைத்துப் பார்ப்பாள். தானே எழுதிய லேபிளைத் தானே இரண்டு தடவை படிப்பாள். பதினெட்டு வருடமாக டெக்னீஷியன் வேலை. அவள் கைபட்ட எண்ணில் தப்பு இருந்ததாக யாரும் சொன்னதில்லை.

ஒரு திங்கட்கிழமை, கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு குப்பி ஐஸ் பெட்டியில் வந்து சேர்ந்தது. ஆராய்ச்சிக்கு மட்டும் என்று அச்சிட்ட ஆன்டிபாடி. ஒரே ஒரு புரதத்தைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்வதுதான் அதன் வேலை. அந்தப் புரதம் நம் வெள்ளணுக்களுக்குள் இருப்பது. உடம்பில் எங்காவது அழற்சி வந்து வீங்கினால், வெள்ளணுக்கள் அங்கே ஓடி அதை வெளியே கொட்டும். கால்சியத்தைக் கண்டால் விடாமல் பிடித்துக்கொள்வது அதன் குணம். மூட்டுவாதக்காரர்களின் ரத்தத்தில் அதை அளந்துகொண்டே வந்தால், வீக்கம் கிளம்புவதை முன்கூட்டியே சொல்லிவிட முடியுமா என்பது பேராசிரியரின் கேள்வி.

பக்கத்து மருத்துவமனையிலிருந்து தொண்ணூறு பேரின் ரத்தம் வந்திருந்தது. ரத்தமாக அல்ல. அங்கேயே சுழற்றி, மேலே தெளியும் நீரை மட்டும் வெள்ளை மூடி போட்ட சின்னக் குப்பிகளில் ஊற்றி, பெயர் இல்லாமல் வெறும் எண் ஒட்டி அனுப்புவார்கள். சந்தேகத்தக்கா அந்த ஆன்டிபாடி பூசிய குழித்தட்டில், குழிக்கு ஒன்றாக இட்டாள். புரதம் இருந்தால் குழி நீலமாக வேண்டும்.

ஆறு குழிகள் நீலமாயின. எண்பத்துநான்கு வெறும் தண்ணீராக அப்படியே நின்றன.

மறுபடி செய்தாள். அதே கதை. மூன்றாம் தடவையும் அதே.

பேராசிரியர் நல்ல மனிதர்தான். ஆனால் பொறுமைக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம்.

"குப்பைம்மா இது. சுத்தமான புரதத்துல போட்டா ஜோரா நீலமாகுது, ரத்தத்துல போட்டா கையை விரிச்சிடுது. வித்தவங்களுக்குக் காட்டமா ஒரு லெட்டர் எழுதிட்டேன். பழைய ஆன்டிபாடிக்கே போயிடலாம்."

"சார், மூணு தடவையும் அதே ஆறு பேருக்குத்தான் நீலம் வருது. கெட்டுப்போன சாமான் இவ்வளவு ஒழுங்காவா தப்பு பண்ணும்?"

"அந்த ஆறு பேருக்கு நோய் முத்திப்போயிருக்கும்."

"பார்த்தேன் சார். அதுல ரெண்டு பேருக்கு வீக்கமே இல்லைன்னு டாக்டர் எழுதியிருக்காரு."

பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆரம்பிச்சிட்டியா? சரி, வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம். அதுக்கப்புறம் லெட்டர் போயிடும்."

லெட்டர் போவதில் அவளுக்கு ஒன்றும் இல்லை. அந்த ஆறு குழிகள்தான் மனத்தை அரித்தன.

வீட்டில் அவள் கணவனின் தங்கையும் அவர்களோடு இருந்தாள். திரைச்சீலை தைக்கும் தையல்காரி. நாலு வருடமாக விரல் மூட்டுகளில் வாதம். காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு விரல் மடங்காது. சட்டைப் பொத்தானைக்கூட அண்ணிதான் போட்டுவிட வேண்டும். வாய் மட்டும் ஓயாது. அந்தத் தொண்ணூறு பேரில் அவளும் ஒருத்தி. எந்த எண் என்று அண்ணிக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் கூடாது.

புதன்கிழமை காலை, கடைசிப் பொத்தானுக்கு வரும்போது நாத்தனார் கேட்டாள்.

"என்ன அண்ணி, முகம் இஞ்சி தின்ன மாதிரி இருக்கு? என் ரத்தம் உங்க லேப்ல வம்பு பண்ணுதா?"

"உன்னுதா யாருதுன்னு எனக்கென்ன தெரியும். மொத்தமாவே வம்பு பண்ணுது."

"எனக்கு அன்னிக்கே தோணுச்சு. எப்பவும் ஊதா மூடி போட்ட குழாய்லதான் எடுப்பாங்க. அன்னிக்கு ஊதா தீந்துபோச்சுன்னு அந்த நர்ஸ் பச்சை மூடி போட்டதுல எடுத்தாங்க. 'ரத்தத்துக்குக் கலர் பொருத்தம் பார்க்க வேணாமா'ன்னு கேட்டேன். முறைச்சாங்க."

அண்ணியின் கை பொத்தானிலேயே நின்றுவிட்டது.

"ஏய், இன்னொரு தடவை சொல்லு."

"எதை? முறைச்சதையா?"

அண்ணி கடைசிப் பொத்தானைப் போட்டு முடித்தாள். பையை எடுத்துக்கொண்டு, டீயைப் பாதியில் விட்டுவிட்டுக் கிளம்பினாள். ஊதா மூடிக் குழாய்க்குள் ஒரு உப்பு இருக்கிறது. ரத்தம் உறைய கால்சியம் வேண்டும். அந்த உப்பு கால்சியத்தையெல்லாம் வளைத்துப் பிடித்துவிடும், ரத்தம் உறையாது. பச்சை மூடிக் குழாயில் இருப்பது வேறு மருந்து. அது கால்சியத்தைத் தொடாது. இது அவளுக்கு எப்போதும் தெரிந்ததுதான். ஆனால் லேப்புக்கு வருவதெல்லாம் வெள்ளை மூடிக் குப்பி. எந்த ரத்தம் எந்தக் குழாயில் பிறந்தது என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

ரத்தம் எடுக்கும் அறையில் நர்ஸ் பதிவேட்டைத் திறந்து காட்டினாள். ஊதா தீர்ந்த அந்த வியாழக்கிழமை, பச்சைக் குழாயில் எடுத்தது ஆறு பேருக்கு. எண்களைத் தன் நோட்டில் இருந்தவற்றோடு ஒத்துப் பார்த்தாள். ஆறும் அச்சு அசலாக அதே ஆறு.

வேறொருத்தியாக இருந்தால் அங்கிருந்தே பேராசிரியருக்கு போன் அடித்திருப்பாள். சந்தேகத்தக்காவுக்கு இதுவும் போதவில்லை. பேராசிரியரிடமும் டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, மறுநாள் நாத்தனாரை வரவழைத்தாள். ஒரே கையில், ஒரே ஊசியில், ஒரு பச்சைக் குழாய், ஒரு ஊதாக் குழாய்.

"ரெண்டு கலர்லயும் எடுத்தாச்சு. இப்ப பொருத்தமா?" என்று நாத்தனார் நர்ஸைக் கேட்டாள். இந்த முறை நர்ஸ் சிரித்துவிட்டாள்.

பச்சைக் குழாயின் நீர் இட்ட குழி நீலமாயிற்று. ஊதா அசையவில்லை. ஒரே உடம்பு, ஒரே நிமிடம்.

அப்படியானால் கால்சியத்தைத் திருப்பிக் கொடுத்தால்? ஊதாக் குழாயின் நீரில் துளி கால்சியக் கரைசலை விட்டாள். கொஞ்ச நேரத்தில் அது ஜெல்லி மாதிரி கட்டிதட்டிவிட்டது. பிப்பெட்டின் முனை அடைத்துக்கொண்டது. கால்சியம் வந்ததும் ரத்தநீர் தன் பழைய புத்தியைக் காட்டி உறைந்துவிட்டது.

எட்டிப் பார்த்த பேராசிரியர் வாய்விட்டுச் சிரித்தார். "என்னம்மா, பரிசோதனையா சமையலா?"

அவளும் சிரித்தாள். பிறகு முனையை மாற்றினாள். இந்தத் தடவை ஊதாக் குழாயின் நீரைப் புதிதாக எடுத்து, முதலில் நூறு மடங்கு நீர்க்கச் செய்தாள். உறைவதற்கு ஆள்பலம் இல்லாதபடி ஆக்கிவிட்டு, அதன்பின் ரத்தத்தில் இயல்பாக இருக்கும் அளவுக்கே கால்சியத்தைக் கொடுத்தாள். உறையவில்லை. பச்சைக் குழாயின் நீரையும் அதே மாதிரி செய்து, இரண்டையும் குழித்தட்டில் இட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.

பன்னிரண்டாவது நிமிடத்தில் ஊதாக் குழாயின் குழியில் மெல்லிய நீலம் எழுந்தது. இருபதாவது நிமிடத்தில் பச்சைக் குழாயின் குழியும் அதுவும் அக்கா தங்கை போல ஒரே நிறத்தில் நின்றன.

பேராசிரியர் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்தத் தட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"கால்சியம் பிடிச்சாத்தான் அந்தப் புரதம் மடங்கி ஒரு உருவத்துக்கு வரும். அந்த உருவத்தை மட்டும்தான் இது பிடிக்குது. வெறுங்கையோட சும்மா திரியறதைத் திரும்பிக்கூடப் பார்க்கலை," என்றார். "பழைய ஆன்டிபாடி ரெண்டையும் ஒண்ணாப் பிடிக்கும்மா. வீக்கத்தைக் கிளப்பற உருவம் எவ்வளவு, சும்மா இருக்கிறது எவ்வளவுன்னு நம்மால பிரிச்சுச் சொல்லவே முடிஞ்சதில்லை. இவ்வளவு நுணுக்கமான ஒண்ணை நான் குப்பைன்னு சொல்லிட்டேன்."

"நீங்க தப்பா ஒண்ணும் சொல்லலை சார். நாமதான் அது கேட்டதைக் கொடுக்கலை."

"நீ கேட்டுக் கொடுத்தியே."

காட்டமான லெட்டரை அவர் அழித்துவிட்டார். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் தான் பேசாமல் அவளைப் பேசச் சொன்னார். அவள் எட்டே நிமிடத்தில் முடித்துவிட்டு, "வேற யாராவது முதல்ல இருந்து ஒரு தடவை செஞ்சு பார்த்தாத்தான் நான் நம்புவேன்," என்று சொல்லி உட்கார்ந்தாள். அறையே கைதட்டியது. அடுத்த வாரம் வேறு இருவர் செய்தார்கள். அதே நீலம். எண்பத்துநான்கு பேருக்கும் புரதத்தின் அளவு கிடைத்தது. வீக்கம் அதிகம் என்று டாக்டர் எழுதியவர்களுக்கு நீலமும் அதிகமாக இருந்தது. வீக்கத்தை முன்கூட்டியே சொல்லுமா என்பது மட்டும் இன்னும் தெரியாது. அதற்கு மாதம் தவறாமல் இரண்டு வருடம் அளந்து பார்க்க வேண்டும்.

ஆன்டிபாடியை விற்றவர்களுக்கு அவளே எழுதினாள். நாலு வரி. இன்ன குழாயில் எடுத்தால் இப்படி ஆகும், முதலில் நீர்க்கச் செய்துவிட்டுக் கால்சியம் சேர்க்கவும். அடுத்த குப்பி வந்தபோது கூடவே வந்த தாளில் அந்த நாலு வரியும் அப்படியே அச்சாகியிருந்தது.

தாளை வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினாள். நாத்தனார் மடங்காத விரலால் வரி வரியாகத் தடவிப் படித்தாள்.

"உங்க பேரே இல்லையே, அண்ணி?"

"செய்யறவங்களுக்குச் சரியா வரணும். அவ்வளவுதான்."

"இருந்தாலும்..." என்று இழுத்தவள், தையல் மேஜையிலிருந்து பென்சிலை எடுத்து, அந்த நாலு வரிக்குக் கீழே கோணல்மாணலாக 'எங்கள் அண்ணி' என்று எழுதினாள். அதை எழுதி முடிக்க அவளுக்கு ஒரு முழு நிமிடம் பிடித்தது. சந்தேகத்தக்கா அவசரப்படுத்தாமல் பக்கத்திலேயே நின்றாள்.