பின்சுவரில் ஒரு கம்பி வலை

நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பவளுக்கு ஈரம் புதிதல்ல. ஆனால் டிரையரில் இரண்டு தடவை ஓடிய துவாலை, அப்போதுதான் தண்ணீரிலிருந்து எடுத்ததுபோல் கையில் கனத்தபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. வெளியே ஐந்து நாளாக மழை விட்டபாடில்லை. காலை ஆறரைக்கு முதல் வகுப்பு.

"மாமா, மெஷின்ல ஏதோ கோளாறு. முன்னெல்லாம் முக்கால் மணி நேரத்துல காஞ்சிடும்" என்றாள்.

மாமனார் செய்தித்தாளிலிருந்து தலையெடுக்கவில்லை. "அள்ளித் திணிச்சா எப்படிம்மா காயும்? கொஞ்சமாப் போடு."

கொஞ்சமாகப் போட்டாள். காயவில்லை. துணியிலிருந்து உதிரும் பஞ்சு சேரும் வடிகட்டியை ஒவ்வொரு தடவையும் துடைத்து வைத்தாள். அப்போதும் காயவில்லை. கணவனிடம் சொன்னாள். "அப்பாகிட்டக் கேளு, அவருக்குத்தான் இதெல்லாம் தெரியும்" என்று அவன் நழுவினான். முப்பது வருஷம் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்தவர் அப்பா. அந்த வீட்டில் ஓர் ஆணி அடிப்பதானாலும் அவர் தலையசைக்க வேண்டும்.

இப்படியே மூன்று வாரம் போயிற்று. சனிக்கிழமை மத்தியானம் மெஷின் இருந்த சின்ன அறைக்குள் நுழைந்தவளுக்கு மூச்சு முட்டியது. ஜன்னல் கண்ணாடி வியர்த்து வழிந்தது. மெஷினின் மேல் தகட்டில் கை வைக்க முடியவில்லை. பொசுங்கல் வாடை வேறு. அவள் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

"சோப்புத்தூள் வாசனைம்மா அது" என்றார் மாமனார், மூக்கை ஒருமுறை உறிஞ்சிப் பார்த்துவிட்டு.

அவள் யாரையும் கேட்காமல் மெக்கானிக்குக்குப் போன் போட்டாள்.

மெக்கானிக் வந்ததும் மெஷினை முன்னால் இழுத்தார். பின்னால் சூடான காற்றை வெளியே கொண்டுபோகும் ஜவ்வுத்தாள் குழாய் நசுங்கிக் கிடந்ததைப் பார்த்து உச்சுக் கொட்டினார். "இதை மாத்தணும். முதல்ல காத்து எங்க வெளிய போகுதுன்னு பாப்போம்."

எல்லோரும் குடையோடு பின்சுவருக்குப் போனார்கள். காற்று வெளியேறும் துவாரத்தின் வாயில் நெருக்கமான கம்பி வலை. அதன்மேல் சாம்பல் நிறத்தில் கம்பளி மாதிரி ஏதோ அப்பியிருந்தது. மெக்கானிக் குறட்டால் வலையைப் பிடுங்கினார். கூடவே ஒரு முழ நீளத்துக்குப் பஞ்சு கழன்று வந்தது.

"யாரு இந்த வலையைப் போட்டது?"

"நான்தான். ரெண்டு மாசம் முன்னாடி. குருவி உள்ள போயிடக்கூடாதுன்னு" என்றார் மாமனார். "நல்ல கம்பி."

"கம்பி நல்ல கம்பிதான் பெரியவரே. ஆனா துணியிலேர்ந்து வர பஞ்சு முழுக்க இதுல ஒட்டிக்குது. வழி அடைச்சா சூடு உள்ளயே நிக்கும். பஞ்சு சட்டுனு பத்திக்கும். வாய்ல ஒரு தொங்கு மூடி போதும். காத்து தள்ளினா திறக்கும், நின்னா மூடிக்கும். குருவியும் வராது."

"இத்தனை நாள் ஒண்ணும் எரியலையே?"

"எரிஞ்சப்புறம்தான் நம்புவீங்களா மாமா?"

குளத்தின் அக்கரையில் நிற்கும் பிள்ளையைக் கூப்பிடும் குரல் அது. அடுத்த வீட்டு ஜன்னல் திறந்தது. மாமனார் குடையை மடக்காமலே உள்ளே போனார். அது கதவு நிலையில் மாட்டிக்கொள்ள, இழுத்துக்கொண்டு போனார்.

"கொஞ்சம் மெதுவாப் பேசியிருக்கலாம்" என்றான் கணவன்.

"மூணு வாரமா மெதுவாத்தானே பேசினேன். யார் காதுல விழுந்துச்சு?"

அவன் கீழே கிடந்த பஞ்சைச் செருப்பால் ஒதுக்கினான்.

மெக்கானிக் வழவழப்பான தகரக் குழாயை வளைவில்லாமல் குட்டையாகப் பொருத்தினார். இணைப்புகளில் திருகாணி போடாமல் அலுமினிய ஒட்டுநாடாவைச் சுற்றினார். திருகாணி முனை உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் அதிலும் பஞ்சு மாட்டுமாம். சுவர்த் துவாரத்தில் தொங்கு மூடியையும் மாட்டினார். மெஷினை ஓட விட்டதும் வெளியே மூடி படபடவென்று திறந்து வெதுவெதுப்பான காற்று வந்தது. நாற்பதே நிமிஷத்தில் துவாலைகள் மொறமொறவென்று காய்ந்துவிட்டன.

அவளுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நீ சொன்னது சரிதான் என்று அந்த வீட்டில் ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லையே.

கூடத்தில் மாமனார் போனில் நண்பரிடம் பேசிக்கொண்டிருந்தார். "ஆமாப்பா, குழாயை மாத்தச் சொல்லிட்டேன். வெளிய வலை மட்டும் போட்டுடாதே, பெரிய ஆபத்து. நம்ம ஜனங்களுக்கு இதெல்லாம் எங்க தெரியுது?"

அவள் கையிலிருந்த துவாலையைக் கட்டில்மேல் விட்டெறிந்தாள். பிறகு எடுத்து உதறி, நாலாக மடித்து, நாளைய பைக்குள் வைத்தாள்.