பதினான்காம் போர்ட்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். அன்று காலையிலும் அப்படித்தான்.

ஆஸ்பத்திரியின் ஸ்கேன் படங்களைச் சேமித்து வைக்கும் அறைக்கு நான் பொறுப்பு. படங்கள் போய்வர இரண்டு நெட்வொர்க் சுவிட்சுகள், இரண்டு பாதைகள். முதல் சுவிட்சை மதியம் பழுதுபார்க்கக் கழற்றுவார்கள். அதற்குள் இரண்டாவது பாதை ஓடியாக வேண்டும். ஆனால் இரண்டாவது சுவிட்சில் கேபிள் செருகும் பதினான்காம் துளை, பதினான்காம் போர்ட், ஓடாமல் 'டவுன்' என்றே காட்டிக்கொண்டிருந்தது.

அதற்கு ஒளியிழைக் கேபிள் போட்டவன் என் கொழுந்தன். தற்காலிக வேலைதான். அவனை நிரந்தரமாக்கலாமா என்று மேலாளர் அன்றுதான் முடிவு செய்ய இருந்தார். சொந்தக்காரனுக்குப் பரிந்து பேசுகிறேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்ற பயம் எனக்கு.

என்ன கோளாறு என்று மேலாளர் வந்து கேட்டதும், "கேபிள்தான் சார், வேற என்ன," என்றேன் பட்டென்று.

"அப்ப அவர மதியத்தோட அனுப்பிடலாம். வேற ஆள் பாத்துக்கலாம்."

கொழுந்தன் காதில் அது விழுந்தது. கேபிளை மாற்றினான், நுனியைத் துடைத்தான், ஒளி அளக்கும் கருவியைச் சுவிட்சில் வைத்துப் பார்த்தான்.

"உங்க பக்கம் எல்லாம் சரிதானே அண்ணி?"

"என் பக்கம் என்ன இருக்கு? நீ உன் வேலையப் பாரு."

அவன் மூன்றாவது கேபிள் எடுக்கப் போனான். மேலாளர் வாசலில் போன் பேசிக்கொண்டிருந்தார். கண் மங்குகிறதென்று திரையில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தேன். போர்ட்டுகள் பட்டியலின் கடைசிப் பத்தி ஓரத்தில் மறைந்து போயிருந்தது. நகர்த்திப் பார்த்தேன். போர்ட் ஏன் டவுன் என்ற காரணம் அங்கே இருந்தது. கேபிள் பழுதென்றால் 'இணைப்பு கிடைக்கவில்லை' என்று இருக்கும். இதில் 'நிர்வாகி மூடியது' என்று இருந்தது. மூடிய போர்ட்டிலிருந்து ஒளியே வராது. தங்கத்தில் கேபிள் செய்து போட்டாலும் பிரயோஜனமில்லை.

மூடியது யார் என்று பதிவைத் தேடினேன். செவ்வாய்க்கிழமை மாலை, என் பெயரில். சோதனைக்காக மூடியிருக்கிறேன்; மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து போன் வர, அப்படியே ஓடியிருக்கிறேன்.

அவன் மூன்றாவது கேபிளைச் செருகும் நேரம் பார்த்து நான் சத்தமில்லாமல் திறந்துவிட்டால் விளக்கு எரியும். யாருக்கும் தெரியாது. முதல் கேபிள் மட்டம் என்ற பெயர் மட்டும் அவனுக்கு நிற்கும். ஒரு நிமிடம் ஆசையாகத்தான் இருந்தது.

"சார், கேபிள்ல தப்பில்ல. போர்ட்ட மூடிட்டு மறந்தது நான்தான்," என்றேன் வாசலுக்குப் போய் மேலாளரிடம்.

முதலில் போட்ட கேபிளையே திரும்பச் செருகச் சொன்னேன். போர்ட்டைத் திறந்தேன். 'தொடங்குகிறது' என்று வந்தது, பிறகு 'அப்'. பச்சை விளக்கு எரிந்தது. மேலாளர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அவரே இருக்கட்டும்," என்று போய்விட்டார்.

"போர்ட் மூடியிருக்குன்னு உனக்குத் தெரியலையா?" என்று கேட்டேன்.

"கருவிய வெச்சப்பவே தெரிஞ்சிருச்சு அண்ணி. சுவிட்ச்லேர்ந்து ஒளியே வரல."

"வேலையே போக இருந்துச்சே, சொல்லியிருக்கலாமே?"

"மேலாளர் நின்னுட்டிருந்தாரு. அவர் முன்னாடி உங்கள எப்படிச் சொல்றது?"

அதே மேலாளர் முன்னால்தான் நான் அவனைச் சொன்னேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.