அறுபத்தாறில் தொடங்கும் எண்கள்

புதுச்சேரியில், விழுப்புரம் சாலையில், ரெட்டியார்பாளையத்தில், ஒரு வாடகை வீட்டின் மாடியில் அந்தச் சின்ன டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் இருந்தது. 1984 சித்திரையில் திறந்தார்கள். கமலவேணிக்கு அங்கேதான் டெக்னீஷியனாக முதல் வேலை. இருபத்தாறு வயது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அறையில் அவள் மட்டும் இருப்பாள். இரும்புச் சட்டங்களில் சுவிட்சுகள் வரிசையாக நிற்கும். ஊரில் யாராவது எண்ணைச் சுழற்றினால் ஏதோ ஒரு சுவிட்ச் கடகடவென்று மேலேறி, ஒரு பக்கமாகத் திரும்பி நிற்கும். பேசி முடித்ததும் பொத்தென்று கீழே விழும். கண்ணை மூடிக்கொண்டால் ஓட்டுக் கூரையில் தூறல் பிடிப்பதும் விடுவதுமாகத் தோன்றும். மூன்று மணிக்குக் கடல்காற்று சன்னல் வழியாக வரும்போது அவள் சில சமயம் அப்படியே பாதித் தூக்கத்தில் இருப்பாள். ஆனால் எந்தச் சுவிட்ச் எழுகிறது என்று காதுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும்.

ஆடி மாதம் ஒரு திங்கட்கிழமை புகார்ச் சீட்டு ஒன்று வந்தது. 66118. மணி அடிப்பதில்லை. மருந்துக்கடை கோவிந்தசாமியின் வீடு.

லைன்மேன் சைக்கிளில் போனான். கமலவேணி இங்கிருந்து மணியை அடித்தாள். உடனே அவன் எடுத்தான்.

"கணீர்னு அடிக்குது மேடம். ஒயர், பெட்டி எல்லாம் பார்த்துட்டேன். ஒரு கோளாறும் இல்ல."

"அப்ப சரின்னு எழுதிக் கையெழுத்து வாங்கிட்டு வாங்க."

அவன் குரலைத் தாழ்த்தினான். "நல்லா இருக்குதுன்னு சொன்னதும் இந்தம்மா அழுவுறாங்க மேடம்."

சாயங்காலம் வேலை முடிந்ததும் கமலவேணி பஸ் ஏறாமல் அந்த வீட்டுக்கு நடந்தாள். கோவிந்தசாமி கடையில் இருந்தான். அவனுடைய அம்மா செல்வாம்பாள் கதவைத் திறந்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். இருபது வருஷம் மில்லில் நூல் சுற்றும் ரீலிங் செக்சனில் நின்று நின்று ஒரு கால் சற்று வளைந்திருந்தது. கூடத்தில் கறுப்பு டெலிபோன் பூப்போட்ட துணியால் மூடியிருந்தது. அதன் பக்கத்தில் ஒரு நாற்காலி.

"நீதான் டெலிபோன் ஆபீஸ் பொண்ணா? ஒக்காரு. காபி போட்டுட்டு வரேன்" என்று குசினிக்குள் போனவள், காபி இல்லாமலே திரும்பி வந்தாள். "ஒரு உதவி பண்ணுவியா? கெட்டுத்தான் போயிருக்குதுன்னு ஒரு வார்த்தை எழுதிக் குடுத்துடேன்."

"ஏம்மா அப்படிச் சொல்றீங்க?"

செல்வாம்பாள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். ரீலிங்கில் அவளுக்குப் பக்கத்து வரிசையில் நின்றவள் ஆதிலட்சுமி. பதினெட்டு வருஷம் ஒரே தூக்கில் சாப்பிட்டவர்கள். எழுபத்தேழில் வேலைநிறுத்தம் வந்தது. எல்லாரும் வாசலில் உட்கார்ந்திருந்தபோது, நாற்பத்து மூன்றாம் நாள் ஆதிலட்சுமி உள்ளே போய்விட்டாள்.

"கேட்டுக்கு இந்தாண்ட நின்னு பார்த்தேன். அவளும் திரும்பிப் பார்த்தா. அதோட சரி. அப்புறம் தெருவுல பார்த்தாலும் பேசல. ஒரு நாளு மவனோட பம்பாய்க்குப் போயிட்டா. எனக்கு வயசாவுது இல்ல? போன் வந்ததும் அவ விலாசத்தைத் தேடிப் புடிச்சுக் கடுதாசி போட்டேன். நம்பரு இது, ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு நான் போன் பக்கத்துலயே இருப்பேன், கூப்புடுன்னு. ஏழு ஞாயிறு ஆச்சு. பெட்டி கெட்டுப் போச்சுன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன். நல்லா இருக்குதுன்னுட்டான் அந்தப் புள்ள."

கமலவேணிக்குப் பொய் எழுதித் தர மனம் வரவில்லை. நாளைக்கு இன்னொரு தடவை பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

மறுநாள் மதியம் காற்று வந்தது. சுவிட்சுகள் எழுந்து விழுந்துகொண்டிருந்தன. அவள் வழக்கம்போல் கண்ணை மூடி இருந்தாள். பம்பாய் எவ்வளவு தூரம், ஒரு குரல் எத்தனை ஊர்களின் அறைகளைக் கடந்து இங்கே வரவேண்டும் என்று மனம் போய்க்கொண்டிருந்தது. நடுவே எத்தனை பேர் இப்படிச் சன்னல் ஓரம் உட்கார்ந்திருப்பார்கள். அப்போதுதான் அது உறைத்தது. வெளியூரிலிருந்து வருகிற அழைப்புகளுக்கென்று கடைசிச் சட்டத்தில் எட்டு சுவிட்சுகள் உண்டு. அந்தப் பக்கமிருந்து அவள் ஒரு நாளும் சத்தம் கேட்டதில்லை.

எழுந்து போய்ப் பார்த்தாள். அந்த எட்டின் மேலும் மெல்லிய தூசி படிந்திருந்தது. திறந்த நாளிலிருந்து ஒன்றுகூட எழுந்ததில்லை.

பயிற்சியில் கூடப் படித்த லட்சுமி வேறொரு ஊர் எக்ஸ்சேஞ்சில் இருந்தாள். கமலவேணி அவளைக் கூப்பிட்டாள். சட்டென்று கிடைத்தாள். வெளியே போகிற வழி திறந்துதான் இருந்தது.

"லட்சுமி, எனக்கு ஒரு நம்பர் போட்டுப் பாரேன். 66118."

கமலவேணி கடைசிச் சட்டத்தின் முன் நின்றாள். எதுவும் அசையவில்லை. இரண்டு நிமிஷம் கழித்து லட்சுமியை மறுபடி கூப்பிட்டாள்.

"ஒண்ணும் இல்லடி" என்றாள் லட்சுமி. "மணியும் அடிக்கல, எங்கேஜ் டோனும் வரல. யாரோ எடுத்துட்டுப் பேசாம இருக்கிற மாதிரி சும்மா இரையுது."

பிறகு கமலவேணி ஒவ்வொரு படியாகப் பார்த்தாள். புதுச்சேரி டவுன் எக்ஸ்சேஞ்சிலிருந்து போடச் சொன்னாள், மணி அடித்தது. அப்படியென்றால் டவுன் வரைக்கும் வந்துவிட்டால் இங்கே வந்துவிடும். அதற்கு மேலேதான் எங்கோ நிற்கிறது. வெளியூர் அழைப்பெல்லாம் முதலில் வேறொரு பெரிய ஊரின் டிரங்க் எக்ஸ்சேஞ்சுக்கு வரும். அங்கே எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தைப் பார்த்து, எந்த வழியில் அனுப்புவது என்று முடிவாகும். புதிதாக ஓரிடம் முளைத்தால் அதை இங்கிருந்துதான் எழுதித் தெரிவிக்க வேண்டும். சொல்லாததை அவர்களாகத் தேடிக்கொண்டு வரமாட்டார்கள்.

சர்வீஸ் லைனில் அந்த ஊரைக் கூப்பிட்டாள். கரகரத்த ஆண்குரல் ஒன்று காகிதங்களைப் புரட்டியது.

"அறுபத்தாறா? அப்படி ஒண்ணு எங்க பட்டியல்ல இல்லையேம்மா. உங்க ஆபீஸ் கடுதாசி இருக்கு. ரெட்டியார்பாளையம், அறுபத்து நாலுன்னு எழுதியிருக்கு. நீங்க எழுதுனதைத்தான் போட்டிருக்கோம்."

"அறுபத்து நாலா?"

"அறுபத்து நாலு. நீலப் பேனாவுல, குண்டு குண்டா அழகான எழுத்து."

அது அவளுடைய எழுத்து. முதலில் இந்த எக்ஸ்சேஞ்சுக்கு அறுபத்து நாலு என்றுதான் ஒதுக்கியிருந்தார்கள். படிவத்தை அவள்தான் நிரப்பினாள். திறப்பதற்கு ஒரு வாரம் முன்பு அது அறுபத்தாறு என்று மாறியது. திருத்தம் அனுப்ப வேண்டியவளும் அவள்தான். பந்தல், மாலை, மைக்செட் என்று அந்த வாரம் ஓடிப்போனது. அனுப்பவில்லை.

திறந்த பிறகு, மணி அடிப்பதில்லை என்று இதற்கு முன் வந்த இரண்டு புகார்களையும் அவள் சரி என்று எழுதி மூடியிருந்தாள். அரிசி ஆலைக்காரர் ஒருவர், பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர். அந்த வழியில் பத்து வாரமாக வந்து நின்று திரும்பிப் போனவர்கள் எத்தனை பேரோ.

"இப்பவே மாத்திடுங்களேன் சார்."

"வாய்ச்சொல்லுல மாத்த முடியாது. உங்க ஆபீசர் எழுத்துல வரணும்."

புதன்கிழமை காலை டவுனுக்குப் போய் உதவிப் பொறியாளர் சக்கரபாணியின் முன் நின்றாள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வாக்கியங்கள் மறந்துவிட்டன.

"அறுபத்து நாலுன்னு தப்பா போயிருக்கு சார். நான்தான் எழுதினேன். திருத்தம் அனுப்ப மறந்ததும் நான்தான்."

அவர் ஃபைலை எடுத்துவரச் சொல்லிப் பார்த்தார்.

"எழுதினது நீங்க. கீழே கையெழுத்து யாருது?"

அவள் குனிந்து பார்த்தாள். அவருடையது.

"படிச்சுப் பார்க்காம போட்டிருக்கேன்" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மெமோ வரும். உங்களுக்கும் வரும், எனக்கும் வரும். மொதல்ல இதை டெலிபிரிண்டர்ல அனுப்புவோம்."

வியாழக்கிழமை மதியம் கரகரத்த குரல் கூப்பிட்டது. "போட்டாச்சும்மா. பாரு."

லட்சுமி எண்ணைச் சுழற்றினாள். கடைசிச் சட்டத்தில், மூன்றாவது சுவிட்ச் தூசியோடு விழித்ததுபோல் ஒரு குலுங்கு குலுங்கி மேலேறியது. கமலவேணி சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்று சாயங்காலத்துக்குள் எட்டும் ஒருமுறையாவது எழுந்துவிட்டன.

செல்வாம்பாளிடம் மறைக்காமல் சொன்னாள். "வெளியூர்லேர்ந்து யார் கூப்பிட்டிருந்தாலும் இங்க வந்திருக்காதும்மா. தப்பு என்னோடது."

செல்வாம்பாளுக்குக் கோபம் வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தாள். "அப்ப அவ பண்ணியிருப்பாளா?"

"தெரியலைம்மா. பண்ணியிருக்கலாம்."

"தெரியலையா" என்றாள் செல்வாம்பாள், அந்த வார்த்தையை வாயில் வைத்துச் சுவைப்பதுபோல. "போதும் பொண்ணே. தெரியலைன்னா போதும்."

ஞாயிற்றுக்கிழமை கமலவேணிக்கு வேலை இல்லை. ஆனாலும் வந்தாள். பத்து மணி தாண்டி நாலு நிமிஷத்தில் கடைசிச் சட்டத்தில் ஒரு சுவிட்ச் எழுந்தது. ஒயரைத் தொடர்ந்து போய்ப் பார்த்தாள். 118. சோதனைக் கருவியைச் செருகினால் பேச்சு கேட்கும். அவள் அதைத் தொடவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுச் சுவிட்சின் முன்னால் உட்கார்ந்து, அது கீழே விழுந்துவிடுமோ என்று பயந்தவள்போல அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தொரு நிமிஷம் அது அப்படியே நின்றது.

மதியம் செல்வாம்பாளே படியேறி வந்தாள். மூச்சு வாங்கியது. முகம் அழுது வீங்கியிருந்தது, சிரித்துக்கொண்டும் இருந்தாள்.

"அவ இன்னா கேட்டா தெரியுமா? 'இன்னிக்காவது வாயத் தொறந்தியேடி'ன்னு கேட்டா. அவ மவன் காவல் காக்குற கம்பெனி போன்லேர்ந்து ஏழு ஞாயிறும் கூப்புட்டிருக்கா. இரைச்சல் மட்டும் கேட்டுதாம். நான் எடுத்துட்டுக் கோவத்துல பேசாம நிக்கிறேன்னு நெனச்சிருக்கா. அதனால அவ பாட்டுக்குப் பேசியிருக்கா பொண்ணே! ஏழு வாரமும்! பேரனுக்கு ஜுரம் வந்தது, கையில மருந்துக்கு இல்லாம அன்னிக்கு மில்லுக்குள்ள போனது, உள்ள போயும் என் மெசினு பக்கத்துலயே நின்னது, எல்லாம் சொல்லிட்டாளாம். 'அதான் எல்லாத்தையும் கேட்டியே'ன்றா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுமே காதுல வுழலடி, மொதல்லேர்ந்து சொல்லுன்னேன். அப்புறம் மொதல்லேர்ந்து சொன்னா."

செல்வாம்பாள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். சுவிட்சுகள் எழுவதையும் விழுவதையும் பார்த்தாள். "அவ முன்ன பேசினதெல்லாம் எங்க போயிருக்கும்?"

"எங்கயும் போயிருக்காதும்மா. நடு வழியில அந்தப் பெரிய ஊரு எக்ஸ்சேஞ்சுலயே நின்னிருக்கும்."

"யாராவது கேட்டிருப்பாங்களா?"

கமலவேணி யோசித்தாள். அந்தக் கரகரத்த குரல்காரர் ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய ஹாலில் சட்டங்களுக்கு நடுவே நடந்து போகிறார். அவர் தோளுக்குப் பக்கத்தில், யாருக்கும் கேட்காமல், ஒரு பெண் தன் பேரனின் ஜுரத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அப்படித்தான் அவளுக்குத் தோன்றியது. ஆனால் சொல்லவில்லை.

"இல்லைம்மா" என்றாள்.

மெமோ அடுத்த வாரம் வந்தது. பதிலில் தவறு என்னுடையது என்று எழுதி அனுப்பினாள். அரிசி ஆலைக்காரர் வீட்டுக்கும் வாத்தியார் வீட்டுக்கும் நேரில் போய்ச் சொன்னாள். ஆலைக்காரர் கத்தினார். வாத்தியார் தண்ணீர் கொடுத்தார்.

தை மாதத்தில் ஆதிலட்சுமி வந்து இறங்கினாள். ஒல்லியாய், உயரமாய், பம்பாய்ச் சேலை கட்டியிருந்தாள். இருவருமாக எக்ஸ்சேஞ்சுக்கு வந்து கமலவேணி கையில் ஒரு பொட்டலம் கடலை மிட்டாய் கொடுத்தார்கள். அதிகம் பேசவில்லை. நோணாங்குப்பத்துக்குப் போய்ப் படகு பார்க்கப் போவதாகச் சொன்னார்கள். படியிறங்கும்போதே எந்த பஸ் என்று சண்டை ஆரம்பித்துவிட்டது. கமலவேணி சன்னலருகே போய் நின்றாள். கீழே சாலையில், கடலூர் பஸ்தான் என்று ஒருத்தியும், டவுன் பஸ் போதும் என்று ஒருத்தியும் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பஸ்ஸும் போய்விட்டன. அவர்கள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.