விபத்து நேர்ந்த இடம்

1

இந்தக் கதை ஓர் உண்டியலில் இருந்து வந்தது. மருந்துக்கடைக் கல்லா ஓரம் இருந்த கண்ணாடி உண்டியல். ‘நீங்கள் போடும் ஒவ்வொரு காசும் செயற்கைக் கால்களுக்கே. எங்கள் அலுவலகச் செலவு முழுவதையும் ஒரு நிறுவனம் ஏற்கிறது’ என்று ஒட்டியிருந்தார்கள். மனசு லேசாகி, கையிலிருந்த சில்லறையைப் போட்டேன். தெருமுனை தாண்டுவதற்குள் ஒரு சந்தேகம் தொற்றிக்கொண்டது. அலுவலகச் செலவு என்றால் வாடகை, மின்சாரம், காகிதம். அங்கே நாற்காலியில் யாரோ உட்கார்ந்திருப்பாரே, அவரும் செலவுதானே?

அவரைத்தான் எழுதப்போகிறேன்.

2

முதல் தொடக்கம்: ‘பதிவறை ஜன்னல் வழியே மேகங்களைப் பார்த்தபடி அவள்...’ வேண்டாம். மேகம் பார்க்க அவளுக்கு நேரமில்லை. (நான் பார்ப்பேன். அது வேறு.)

இரண்டாவது தொடக்கம்: பக்கத்துப் பட்டறையில் பெயரட்டை கட்டிய செயற்கைக் கால்கள் கொக்கிகளில் தொங்குகின்றன. பதிவுக்காரி படிவத்தை எடுக்கிறாள். கால் கேட்டு வருகிறவர்கள் சொல்வதை அப்படியே எழுதி முத்திரை போடுவது அவள் வேலை. ஒரு சொல்லைக்கூட மாற்றமாட்டாள். ‘குடிச்சிருந்தேன், ரயிலு நிக்கும்னு நினைச்சேன்’ என்றார் ஒருவர். எழுதினாள். ‘என் தம்பியைக் கேளுங்க’ என்றார் இன்னொருவர். அதையும் எழுதினாள்.

இன்று எதிரே இருப்பவள் ஒரு தொழிலாளியின் மனைவி. அவள் கணவர் பட்டறையில் அளவு கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

“விபத்து எங்க நடந்ததும்மா?”

“ஃபேக்டரியிலதாங்கக்கா. தகடு அழுத்துற மெஷின்.”

“எந்த ஃபேக்டரி?”

மனைவி பெயரைச் சொன்னாள். ‘விபத்து நேர்ந்த இடம்’ என்ற கட்டத்தில் பேனா நின்றது. அந்தப் பெயர் பதிவுக்காரியின் நாற்காலி முதுகில் ஒட்டியிருந்தது. மேஜை விளக்கிலும் இருந்தது. அவளுடைய சம்பளச் சீட்டின் தலையிலும் இருந்தது.

“அவரு அன்னைக்கு வேலைக்கே வரலன்னு சாதிக்கிறாங்கக்கா. ஆஸ்பத்திரிச் சீட்டுல கால் நசுங்கிச்சுன்னு இருக்கு, எங்கன்னு இல்ல. உங்க படிவம் முத்திரையோட ஒரு நகல் கிடைச்சா வக்கீல் கேஸ் போட்டுடலாம்கிறாரு. நாளையோட கெடு முடியுது.”

3

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முந்தைய வரைவில் அந்த மனிதர் பைக்கில் இருந்து விழுந்திருந்தார். கதை சாந்தமாகப் போயிற்று, யாருக்கும் சங்கடமில்லை. பிறகுதான் உறைத்தது. யாரும் கேட்காமலேயே அந்த நிறுவனத்துக்காக நான் ஒரு கட்டத்தை மாற்றி எழுதியிருக்கிறேன்.

4

அமைப்பின் செயலரைக் கெட்டவராக்க ஆசைதான். தொப்பையும் மோதிரமும் கூடக் கொடுத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. பதினொரு வருடமாகச் சம்பளம் வாங்காமல் இந்த இடத்தை நடத்துகிறவர் அவர். பதிவுக்காரியை வராந்தாவுக்கு அழைத்தார். நிறுவனத்து மேலாளர் பதினொரு மணிக்கு வருகிறார். பதிவேட்டைப் புரட்டிவிட்டுத்தான் அடுத்த மூன்று வருடச் செலவுக்குக் கையெழுத்துப் போடுவார்.

“அந்தக் கட்டத்தை மட்டும் விட்டுடும்மா. கால் குடுத்துடலாம். நல்ல காலாவே குடுப்போம்.”

“அவங்க கேக்கறது கால் மட்டும் இல்லையே சார்.”

“தெரியுது. இவங்க விலகிட்டா வாடகைக்கு எங்க போறது? உண்டியல் காசைத் தொட முடியாது, நாமளே எழுதி ஒட்டியிருக்கோம். நாப்பது பேர் அளவு குடுத்துட்டுக் காத்திருக்காங்க. அவங்ககிட்ட நீ போய்ச் சொல்றியா?”

“இத்தனை வருஷத்துல ஒரு கட்டத்தைக்கூட காலியா விட்டதில்ல சார்.”

“அதனாலதான் உன்கிட்ட கெஞ்சிட்டிருக்கேன். வேற ஆளா இருந்தா சொல்லவே தேவையிருந்திருக்காது.”

[இங்கே அவளுக்கு நோயாளித் தாய் ஒருத்தியைச் சேர்த்தேன். அடித்துவிட்டேன். சம்பளம் நின்றால் யாருக்கும் வயிறு காயும். அதற்குத் தனியாக நோயாளி எதற்கு?]

5

முடிவு ஒன்று: எழுதுகிறாள். மேலாளர் படிக்கிறார், கார் திரும்பிப் போகிறது. நீங்கள் மெச்சுவீர்கள். நாற்பது பேர் மெச்சமாட்டார்கள்.

முடிவு இரண்டு: எழுதாமல் விடுகிறாள். விவரம் புரியாமல் அந்த மனைவி நன்றி சொல்லிவிட்டு... அந்த நன்றியை என்னால் எழுத முடியவில்லை.

முடிவு மூன்று: மேலாளர் மனம் மாறி, கண் கலங்கி... சே.

6

பதிவுக்காரி திரும்பி வந்து உட்கார்ந்தாள். வெளியே கார்க் கதவு சாத்தும் சத்தம். “வாங்க, வாங்க” என்று செயலரின் குரல்.

“எழுதிட்டீங்களாக்கா?”

அப்போது அவள் செய்ததை நான் திட்டமிடவில்லை. படிவத்தைத் திருப்பி வைத்துப் பேனாவை நீட்டினாள். “நீயே எழுதிடும்மா.”

எனக்கும் அப்பாடா என்றிருந்தது. எழுதின பழியும் அவளுக்கு இல்லை, மறைத்த பழியும் இல்லை.

மனைவி பேனாவைத் தொடவில்லை. “நான் எழுதினா அது என் பேச்சுக்கா. என் பேச்சைத்தான் இதுவரைக்கும் ஒருத்தரும் நம்பல. நீங்க எழுதணும்.”

பேனா பதிவுக்காரியின் கையிலேயே இருக்கிறது. மேலாளர் படியேறத் தொடங்கிவிட்டார். அவள் கையை நான் அசைக்கலாம்தான். ஆனால் நான் எழுதினால் கதை என்பார்கள், கதையை யார் சாட்சியாக எடுத்துக்கொள்கிறார்கள்? நீங்களோ இவ்வளவு நேரமும் அந்த அறையில் இருந்தீர்கள். அந்தப் பெண் சொன்னதைக் கேட்டீர்கள். செயலர் சொன்னதையும் கேட்டீர்கள். எழுதலாமா வேண்டாமா என்று அவளிடம் நீங்களே சொல்லுங்கள்.

இன்னும் ஆறு படிகள் இருக்கின்றன.