பிரேக் டீச்சரின் வழக்கு

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் அவளுக்கு பிரேக் டீச்சர் என்றுதான் பெயர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் உள்ள தனி பிரேக்கை ஓயாமல் மிதித்துக்கொண்டே இருப்பவள். அப்பேர்ப்பட்டவளுக்கே அதிவேகத்துக்கு அபராதச் சீட்டு கொடுத்துவிட்டார்கள் என்றால் சும்மா இருப்பார்களா? பள்ளி முழுக்கச் சிரிப்பாய்ச் சிரித்தது.

"கட்டித் தொலைச்சிடேன். இல்லேன்னா ஒரு வக்கீலையாவது பாரு" என்றார் கணவர்.

"அன்னிக்கு வண்டி எப்படிப் போச்சுன்னு வக்கீலுக்கு என்ன தெரியும்? நானே பேசிக்கிறேன்."

அறுவை சிகிச்சை முடிந்த அக்காவை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வந்த காலை அது. பாலத்தின் மேல் பனி இறங்கியிருந்தது. கீழே ஆறு இருந்ததா என்றே தெரியவில்லை. அணைக்க மறந்த விளக்குகள் கம்பங்கள் இல்லாமலே அந்தரத்தில் தொங்கின. பின் இருக்கையில் அக்கா, தலையணையை வயிற்றோடு அணைத்தபடி கண் மூடிக் கிடந்தாள். கார் ஓடுகிறதா மிதக்கிறதா என்று ஓட்டியவளுக்கே சந்தேகமாக இருந்தது.

பாலம் முடியும் இடத்தில் போலீஸ்காரர் நிறுத்தினார். அவள் உதட்டில் விரல் வைத்துப் பின்னால் காட்டினாள். அவர் எட்டிப் பார்த்துவிட்டுக் குனிந்து, "ரொம்ப வேகமா வந்தீங்க" என்று கிசுகிசுத்தார். "நானா?" என்று அவளும் கிசுகிசுத்தாள். சண்டை முழுக்க அப்படியே நடந்தது. சீட்டைக்கூடச் சத்தம் வராமல்தான் கிழித்துக் கொடுத்தார்.

நீதிமன்ற அறையின் உயரமான ஜன்னல்களில் பச்சைக் கண்ணாடி. குளத்தின் அடியில் உட்கார்ந்திருப்பதுபோல் எல்லோரும் பச்சையாக, பாதித் தூக்கத்தில் இருந்தார்கள். குமாஸ்தா பெயர்களைக் கூப்பிட்டது எங்கோ தொலைவிலிருந்து கேட்டது. துணைக்கு வந்த அக்கா கடைசி பெஞ்சில், சால்வைக்குள்.

பிரேக் டீச்சரின் முறை வந்தது. தண்ணீர் குடித்துவிட்டுப் போலீஸ்காரரைப் பார்த்தாள்.

"சார், என் வண்டி மேலதான் அந்த வேகம் அளக்குற கருவியைப் பிடிச்சீங்களா?"

"பனியில வண்டி எங்க தெரிஞ்சது? வெளிச்சத்து மேல பிடிச்சேன்."

"எத்தனை வண்டி வந்தது?"

"உங்க வண்டிதான் நின்னுச்சு."

"அவங்க கேட்டது அது இல்லையே" என்றார் நீதிபதி அம்மா.

போலீஸ்காரர் யோசித்தார். "இன்னொண்ணும் தாண்டிப் போன மாதிரி இருந்தது. உறுதியாச் சொல்ல முடியலம்மா."

"உங்களுக்குச் சாட்சி யாராவது?" என்று நீதிபதி அவளிடம் கேட்டார்.

"எங்க அக்கா கூட இருந்தாங்கம்மா. ஆனா தூங்கிட்டாங்க."

பெஞ்சுகளில் சிரிப்பு எழுந்தது. அதற்குள் அக்கா முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள்.

"நான் தூங்கலைங்க."

தங்கை திரும்பிப் பார்த்தாள்.

நீதிபதி அக்காவை அருகில் அழைத்து, சத்தியம் வாங்கிக்கொண்டு பேசச் சொன்னார். "கண்ணைத்தான் மூடியிருந்தேன். திறந்தா வலிக்குதான்னு கேப்பா. கேட்டுட்டு அவளே அழுவா. பாலத்துல வண்டியைக் கொஞ்சம்கூடக் குலுங்க விடல. வயித்துல தையல் போட்டவளுக்குத்தான் அது தெரியும். பாலம் முடியற இடத்துல பக்கத்துலயே ஒரு வண்டி உறுமிட்டுப் போச்சு. எந்தக் கடன்காரன்டா இதுன்னு மனசுக்குள்ள திட்டினேன்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். கருவி எந்த வண்டியைப் பிடித்தது என்பது நிச்சயமில்லை, சந்தேகத்தின் பலன் ஓட்டியவருக்கே என்றார். அபராதம் ரத்தானது.

வெளிப் படிக்கட்டில் வெயிலில் கண் கூசியது. ஜெயித்துவிட்டோம் என்று துள்ள வேண்டியவள் அப்படியே நின்றுவிட்டாள். அக்கா தூங்குகிறாள் என்று நினைத்து அன்று வழி நெடுக மெல்லிய குரலில் பேசிக்கொண்டே வந்திருந்தாள். எனக்கு முன்னாடி போயிடாதே, போனா உன்னோட பேசவே மாட்டேன் என்று சின்னப் பிள்ளைபோல மிரட்டியிருந்தாள்.

"அப்போ நான் பேசினது?"

"கேட்டேன்."

"எல்லாமா?"

"எல்லாம்தான். நடுவுல ஒரு பாட்டு பாடினியே, அதுக்கு மட்டும் நிஜமாவே தூங்கியிருக்கலாம்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து மூக்கை அடைத்தன. அக்கா அவள் கையைப் பற்றி ஒரு படி இறங்கினாள்.

"நான் எங்கேயும் போகலடி. பசிக்குது, வா."