தொப்பிப் பாறைச் சங்கு

எங்கள் ஊரில் கடைக்குள் நுழைகிறவர் முதலில் காலை வணக்கம் சொல்ல வேண்டும். அப்புறம்தான் மற்றதெல்லாம். பக்கத்து யூனியன் தீவிலிருந்து காலைப் படகில் வந்து இறங்கிய அந்த வெள்ளைக்காரப் பெண்ணோ, முதுகு மூட்டையைக்கூட இறக்காமல், "ரெண்டு பொரிச்ச ரொட்டி, உப்பு மீன்" என்றாள். நான் செவிடி மாதிரி எண்ணெய்ச் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னம்மா, கடை இல்லியா?"

"கடை இருக்கு. மரியாதை எங்க இருக்குன்னு தேடிட்டிருக்கேன்."

சிவந்துபோனாள். வெளியே போய், மறுபடி வாசலில் நின்று, "காலை வணக்கம்மா. என் பேர் மாரிட்" என்றாள். நார்வேக்காரியாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்று முழுக்க நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

அவள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, அவளைக் கொண்டுவந்த யூனியன் படகோட்டி புரூனோ வந்தான். "தியோ அக்கா, கல்வின் ஏன் வரல? நேத்து என் பொண்ணு பிறந்தநாளுக்கு வர்றேன்னானே. கேக்கு வெட்டாம புள்ள அழுதுட்டே தூங்கிடுச்சு."

கல்வின் என் தம்பி. முந்தின நாள் மாலை ஐந்து மணிக்கு யூனியனுக்கு என்று அவன் படகில் கிளம்பிப் போனதை நானே பார்த்தேன். என் கையிலிருந்த கரண்டி எண்ணெய்க்குள் விழுந்தது.

மோட்டார் நின்றிருந்தால் நீரோட்டம் மேற்கே இழுத்துக்கொண்டு போயிருக்கும். ஊர்ப் படகுகள் எல்லாம் மேற்கே பறந்தன. மாரிட் வந்த வேலையை மறந்து என் கடையிலேயே தங்கிவிட்டாள். யாரும் சொல்லாமலே கோப்பைகளைக் கழுவினாள். நான் படகுத்துறைக்கும் கடைக்கும் பித்துப் பிடித்தவள் மாதிரி நடந்தேன். மதியம் வானொலியில் சொன்னார்கள், இரவுக்குள் வடக்கேயிருந்து பெரிய அலை வருகிறதாம். ஐந்தரைக்குப் படகுகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. ஒருத்தரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆறு மணிக்குச் சூரியன் கடலைத் தொட்டதும் வழக்கமான கூத்து தொடங்கியது. எங்கள் விரிகுடாவில் பாய்மரப் படகுகளை நிறுத்திக்கொண்டு வருஷக்கணக்காகக் குடியிருக்கும் வெள்ளைக்காரர்கள், சூரியன் இறங்கும்போது ஆளுக்கொரு சங்கை எடுத்து ஊதுவார்கள். அவர்களுக்கு அது விளையாட்டு. எங்கள் மீனவனுக்குச் சங்கு என்றால் ஆபத்துக் குரல்: ஒரு நீளம், இரண்டு குட்டை. போன வருஷம் இரண்டு புட்டி ரம்முக்கு ஆசைப்பட்டு அந்த ஆபத்து ஊதலையே அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தான் ஒரு முட்டாள். அந்த முட்டாள் என் தம்பிதான். அதற்காக அவனோடு ஒரு மாதம் பேசாமல் இருந்தேன்.

"சே, இன்னிக்குமா!" என்று காதைப் பொத்திக்கொண்டேன்.

மாரிட் என் தோளைத் தொட்டாள். "அம்மா, அந்த வடக்கு முனைக்குப் பின்னாலயும் பாய்மரப் படகு நிக்குதா?"

"அங்க என்ன நிக்கும்? தொப்பிப் பாறைதான் இருக்கு."

"அங்கேருந்தும் ஒருத்தர் ஊதினாங்களே. இவங்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே."

காதிலிருந்து கையை எடுத்தேன். முந்தின மாலையும் அந்தப் பக்கமிருந்து ஓர் ஊதல் கேட்டது. எல்லாரும் முடித்த பிறகு, தனியாக, ஒரு நீளம், இரண்டு குட்டை. எவனோ குடித்துவிட்டு இன்னும் ஊதுகிறான் என்று திட்டிக்கொண்டே கடைக் கதவைச் சாத்தினேன். படுபாவி நான்! தொப்பிப் பாறை ஊரிலிருந்து ஒரு மைல்கூட இல்லை. பிறந்ததிலிருந்து தெரிந்த பாறையில் கல்வின் போய் மோதுவான் என்று யார் நினைப்பார்கள்?

துறைக்கு ஓடினேன். மாரிட் பின்னாலேயே வந்தாள். எழுபது வயது ஹாமிஷ் அங்கே சங்கும் கையுமாக நின்றார். அந்தக் கூட்டத்துக்கே அவர்தான் தலைவர்.

"யோவ் ஹாமிஷ், எல்லாத்தையும் நிறுத்தச் சொல்லுய்யா!"

"கோவிச்சுக்காத தியோ. கல்வினுக்காகத்தான் இன்னிக்கு ரெண்டு தடவ ஊதறோம்."

"அவன் செத்தா போயிட்டான்? உயிரோட ஊதிட்டிருக்கான்யா! உங்க இரைச்சல்ல எங்க கேக்கும்!"

அவர் முகம் வெளுத்தது. வானொலிக் கருவியை எடுத்து எல்லாப் படகுக்கும் சொன்னார். ஒவ்வொரு சங்காக அடங்கியது. விரிகுடா முழுக்க அமைதி.

ஒன்றும் கேட்கவில்லை.

மாரிட் உதட்டைக் கடித்துக்கொண்டு, "நான் கேட்டேம்மா, சத்தியமா" என்றாள். நான் ஹாமிஷ் கையிலிருந்து சங்கைப் பிடுங்கி ஊதினேன். நீளம், குட்டை, குட்டை. மூச்சு முட்டியது. மறுபடி ஊதினேன். வடக்கு முனைக்கு அப்பாலிருந்து, ஈனஸ்வரத்தில், ஒரு நீளம் வந்தது. அப்புறம் ஒரு குட்டை. இரண்டாவது குட்டை வரவேயில்லை.

ஹாமிஷின் ரப்பர் படகில் மூவரும் ஏறினோம். முனையைத் தாண்டியதும் அலை எங்களைத் தூக்கித் தூக்கி அடித்தது. பாறையின் கடல் பக்கம், இடுப்பளவு தண்ணீரில், ஒரு காலை மட்டும் ஊன்றிக் கல்வின் ஒட்டிக்கொண்டிருந்தான். அவன் படகின் ஒரு பலகைகூட இல்லை. ஒவ்வொரு அலைக்கும் அவன் தலை மறைந்து மறைந்து தெரிந்தது. நான் கத்தினேன். ஹாமிஷ் கிழவர் பல்லைக் கடித்துக்கொண்டு படகைப் பாறையை உரசும்படி கொண்டுபோனார். மாரிட் பாதி உடம்பை வெளியே நீட்டி அவன் சட்டையைப் பிடித்தாள். நான் அவள் காலைப் பிடித்தேன். அடுத்த அலை வருவதற்குள் அவனை உள்ளே இழுத்துப் போட்டோம்.

கால் முறிந்திருந்தது. உதடு வெடித்திருந்தது. சங்கை மட்டும் விடவில்லை. அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டேன்.

"பகல் பூரா எதிர்க்காத்து. கேக்காதுன்னு தெரியும்" என்று முனகினான். "ஆனா நேத்து சாயங்காலம் காத்தே இல்லியேக்கா. அவங்க முடிக்கட்டும்னு காத்திருந்து ஊதினேன். ஒருத்தருக்குமா கேக்கல?"

பொய் சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை.

"எனக்குக் கேட்டுச்சுடா. ஹாமிஷ் ஆளுங்கன்னு நெனச்சுக் கதவச் சாத்திட்டேன்."

ஹாமிஷ் திரும்பாமல் படகை ஓட்டிக்கொண்டிருந்தார்.  கல்வின் சங்கை என் கையில் வைத்தான்.

"அந்த ஊதல ரெண்டே புட்டிக்குக் கொடுத்தேன்க்கா" என்றான். அவன் அழுதான். நானும் அழுதேன்.